கப்பல்தோறும் ஒரு பணிவாழ்வு ஆலோசகர் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

படைகளில் இளைஞர்களை நான்காண்டுகளுக்குச் சேர்க்கும் அக்னிபத் திட்டத்தின் கீழ் 2022ஆம் ஆண்டு இறுதியில் ஒடிசாவிலுள்ள ஐ.என்.எஸ். சில்கா பயிற்சித் தளத்தில் சேர்ந்த கடற்படையின் முதல் அணிக்கு, 2026ஆம் ஆண்டு இறுதியோடு நான்காண்டுப் பணிக்காலம் நிறைவடைகிறது. அவர்களில் எத்தனை பேர் நிரந்தரப் பணிக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள், எஞ்சியவர்களுக்கு எந்தத் துறையில் எவ்வளவு ஒதுக்கீடு கிடைக்கும் என்பதைப் பற்றியே நாளிதழ்களிலும் நாடாளுமன்றத்திலும் பேச்சு நடக்கிறது. அந்தப் பேச்சு தேவையானதே. ஆனால், அந்த இளைஞனை எதிரில் உட்கார வைத்து, அவனுடைய பணிப்பதிவேட்டைப் பிரித்துப் பார்த்து, "உனக்குத் திறந்திருக்கும் வழிகள் இவை, இதற்கு இன்ன சான்றிதழ் வேண்டும், இன்ன தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும்" என்று எடுத்துச் சொல்லும் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி மட்டும் எங்கும் எழவில்லை. கடற்படையில் மாலுமியாகச் சேர்ந்து, மாலுமிகளுக்குரிய மூத்த பதவிகளில் ஒன்றான சீஃப் பெட்டி ஆபீசராக ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்தக் கேள்வியைத் தங்கள் நாளிதழின் வழியாகப் பொதுமக்கள் முன்பும் நம் மக்கள் பிரதிநிதிகள் முன்பும் வைக்க விரும்புகிறேன்.

நம் கடற்படையில் ஒவ்வொரு மாலுமியும் ஒரு டிவிஷனல் ஆபீசரின் பொறுப்பில் இருப்பார். பிரிட்டனின் ராயல் நேவியிடமிருந்து வந்த இந்த முறை நல்ல முறை. அதைக் குறை கூறுவது என் நோக்கமன்று. விடுப்பு, குடும்பக் குடியிருப்பு, கடன் விண்ணப்பம், பதவி உயர்வுக்கான பரிந்துரை, ஒழுங்கு நடவடிக்கை வந்தால் மாலுமியின் பக்கம் நின்று பேசுவது என எல்லாவற்றுக்கும் முதல் படி அவர்தான். என் பணிக்காலத்தில் சொந்தத் தம்பியைப் போல என்னைப் பார்த்துக்கொண்ட அதிகாரிகள் உண்டு. ஆயினும் எதிர்கால வாழ்க்கையைப் பற்றிய ஆலோசனை என்று வரும்போது இந்த முறை மூன்று இடங்களில் தடுமாறுகிறது. முதலாவதாக, அந்த அதிகாரிக்குக் கப்பலில் வேறு முழுநேர வேலை இருக்கிறது. கப்பலைச் செலுத்தும் மேல்தளத்தில் வாட்ச் எனப்படும் முறைப்பணி நிற்கவும், தம் துறையின் கருவிகளைப் பராமரிக்கவும், ஆய்வுகளுக்குத் தயாராகவும் அவருக்கு நாள் போதாது. அடுத்து, ஓரிரு ஆண்டுகளில் அவர் மாற்றலாகிப் போய்விடுவார். புதிதாக வருபவர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மேலும், இருபத்தைந்து வயதை எட்டாத ஓர் இளம் லெப்டினன்ட், இரண்டு பிள்ளைகளை ஊரில் படிக்க வைத்துவிட்டுப் பதினைந்தாம் ஆண்டில் நிற்கும் ஒரு பெட்டி ஆபீசருக்கு, பணியில் தொடர்வதா வெளியேறுவதா என்று எதை வைத்து அறிவுரை கூறுவார்? அவர் படித்த பள்ளியும், அவர் ஏறும் படிகளும், அவருடைய ஓய்வுக்காலமும் முற்றிலும் வேறு.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தடை ஒன்று உண்டு. மாலுமியின் ஆண்டு மதிப்பீட்டை எழுதுபவரும் அந்த அதிகாரிதான். வெளியேறலாமா என்ற யோசனை மனத்தில் இருப்பதாக அவரிடம் வாய் திறந்து சொல்ல எவருக்குத் துணிவு வரும்? "இவன் எப்படியும் போகப்போகிறவன்" என்ற எண்ணம் அவர் மனத்தில் விழுந்துவிட்டால், அடுத்த கோர்ஸும் அடுத்த பதவி உயர்வும் என்னவாகும் என்ற அச்சம் மாலுமிக்கு இயல்பாகவே இருக்கும். அந்த அச்சம் பல நேரங்களில் நியாயமற்றதாகவே இருக்கலாம். ஆனால் அது இருக்கிறவரை உண்மையான பேச்சு நடக்காது. ஆகவே மாலுமி யாரிடம் கேட்கிறான்? மெஸ்ஸில் பக்கத்துப் படுக்கைக்காரனிடம் கேட்கிறான், அல்லது முன்பே வெளியேறிய சீனியருக்குக் கைப்பேசியில் அழைத்துக் கேட்கிறான். அவர்கள் சொல்வது பாதி சரியாகவும் பாதி காலாவதியாகவும் இருக்கும்.

டிராஃப்ட் எனப்படும் பணியிட மாற்றம், பதவி உயர்வு, பணி நீட்டிப்பு ஆகியவற்றை முடிவு செய்யும் பீரோ ஆஃப் செய்லர்ஸ் மும்பை மான்கூர்டில், சீட்டா கேம்பில் இருக்கிறது. கார்வாரிலோ போர்ட் பிளேரிலோ நிற்கும் ஒரு கப்பலின் மாலுமிக்கு அது ஒரு முகவரி. அங்கிருந்து உத்தரவு வரும், அவ்வளவுதான்.

வழக்கமான முறையில் சேர்ந்த மாலுமியின் முதல் ஒப்பந்தம் பதினைந்து ஆண்டுகள். ஓய்வூதியத்துக்கான குறைந்தபட்சப் பணிக்காலமும் அதுவே. பதினெட்டு வயதில் சேர்ந்தவர் முப்பத்து மூன்று வயதில் அந்த வாசலில் நிற்கிறார். பணியில் தொடர்ந்தால் சீஃப், மாஸ்டர் சீஃப் என்று உயரலாம், ஓய்வூதியமும் கூடும்; வெளியேறினால் இன்னும் இருபத்தைந்து ஆண்டுகள் வேறு வேலை பார்க்கும் உடல்வலிமை இருக்கும். எது சரி என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் அந்த முடிவு எதை எதைப் பொறுத்தது என்பதாவது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டுமல்லவா? மத்திய அரசின் குரூப் சி பணியிடங்களில் முன்னாள் படைவீரர்களுக்குப் பத்து சதவீதமும், பொதுத்துறை வங்கிகளின் எழுத்தர் பணியிடங்களில் 14.5 சதவீதமும் ஒதுக்கப்பட்டுள்ளன. வயது வரம்பைக் கணக்கிடும்போது படையில் இருந்த ஆண்டுகளைக் கழித்து, மேலும் மூன்றாண்டு சலுகையும் தருகிறார்கள். பத்தாம் வகுப்பு முடித்துப் பதினைந்து ஆண்டுகள் பணியாற்றியவரைச் சில குரூப் சி பணிகளுக்குப் பட்டதாரிக்கு நிகராகவே ஏற்கிறார்கள். இவை பலருக்கும் அரைகுறையாகத் தெரியும்.

தெரியாதது எது என்பதற்கு ஒரே ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். முன்னாள் படைவீரர் என்ற ஒதுக்கீட்டில் ஒருவர் ஓர் அரசுப் பணியில் சேர்ந்துவிட்டால், அந்த ஒதுக்கீட்டை மறுமுறை பயன்படுத்த முடியாது என்பது பொது விதி. ஆனால், அந்தப் பணியில் சேரும் முன்பே வேறு பணியிடங்களுக்கும் அவர் விண்ணப்பித்திருந்தால், சேர்ந்தவுடன் அந்த விண்ணப்பங்களின் விவரத்தைத் தேதிவாரியாக எழுதிப் புதிய அலுவலகத்தில் உறுதிமொழியாகக் கொடுத்துவிட்டால், பின்னர் வரும் நல்ல வேலைக்கும் அதே சலுகை உண்டு என்று 2014ஆம் ஆண்டு ஆகஸ்டில் மத்திய பணியாளர் துறை தெளிவுபடுத்தியது. ஒரு பக்கக் கடிதம்; அதை முதல் நாளே கொடுக்க வேண்டும். என்னோடு பணியாற்றிய ஒரு நண்பர் ஓர் அலுவலகத்தில் கடைநிலைப் பணியில் சேர்ந்தார். சில மாதங்களில் ஒரு வங்கியிலிருந்து எழுத்தர் பணிக்கான அழைப்பு வந்தது. சான்றிதழ் சரிபார்ப்பின்போது அந்த உறுதிமொழிக் கடிதத்தைக் கேட்டார்கள். அப்படி ஒன்று இருப்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது. நன்றாகப் படித்துத் தேர்வில் வென்றவர், கையெழுத்திட்ட ஒரு காகிதம் இல்லாமல் அந்த வாய்ப்பை இழந்தார். அவருக்கு அதைச் சொல்ல வேண்டிய கடமை எவருக்கும் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை என்பதால், யாரையும் குற்றம் சொல்லவும் இயலவில்லை.

வணிகக் கப்பல் பணியின் கதையும் இதுதான். கடற்படையினர் வணிகக் கப்பல்களுக்கு மாறிச் செல்ல வழிசெய்யும் ஏற்பாட்டைக் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமும் கடற்படையும் 2020இல் செய்துகொண்டன; அக்னிபத் திட்டத்தில் சேரும் அக்னிவீரர்களுக்கும் 2022 ஜூனில் அத்தகைய வழிகள் அறிவிக்கப்பட்டன. ஆனால் அங்கே முதலில் கேட்கப்படுவது கடலில் இருந்த காலத்துக்கான ஆதாரம்: எந்தக் கப்பல், எந்த நாள் முதல் எந்த நாள் வரை, என்ன பொறுப்பு. பணியில் இருக்கும்போதே கப்பலுக்குக் கப்பல் அதை எழுதி வாங்கி வைத்தவனுக்கு வேலை எளிது. பத்தாண்டுகளுக்குப் பிறகு, பணியிலிருந்தே நீக்கப்பட்டுவிட்ட ஒரு பழைய கப்பலின் ஆவணத்தைத் தேடி அலைபவனுக்கு அது மாதக்கணக்கான வேலை. எஞ்சின் அறையில் ஒரே வாட்சில் நின்ற இருவரில் ஒருவர் இன்று வெளிநாட்டுக் கப்பலில் இருப்பதற்கும், மற்றவர் ஊரில் காவலாளியாக இருப்பதற்கும் இடையிலுள்ள வேறுபாடு, பல நேரங்களில் திறமை அல்ல. சரியான நேரத்தில் கிடைத்த ஒரு சொல்தான்.

இந்தப் பொறுப்பை ஒரு தனித் தொழிலாகவே ஏற்படுத்தி, அரை நூற்றாண்டாக நடத்தி வரும் கடற்படை அமெரிக்காவினுடையது. அங்கே கட்டாயப் படைச்சேர்ப்பு 1973இல் முடிவுக்கு வந்தது. விருப்பப்பட்டு வருபவர்களை மட்டுமே நம்பிப் படை நடத்த வேண்டிய நிலை வரப்போகிறது என்று தெரிந்த காலத்திலேயே, 1972இல், 'நேவி கவுன்சிலர்' என்ற தனிப் பிரிவை அவர்கள் உருவாக்கினார்கள். நங்கூரத்தின் குறுக்கே ஓர் இறகுப் பேனா என்பது அவர்களின் கைச்சின்னம். இந்தப் பிரிவில் ஆலோசகராக வருபவர், பயிற்சி முகாமிலிருந்து நேராக வருபவர் அல்லர். எஞ்சின் அறையிலோ, ரேடாரிலோ, சமையற்கூடத்திலோ பல ஆண்டுகள் பணியாற்றிப் பெட்டி ஆபீசரான பிறகு இதற்கு மாறி வருபவர். கடல் வாழ்க்கையும் குடும்பப் பிரிவும் என்னவென்று தெரிந்த ஒருவர்தான் அந்த நாற்காலியில் உட்கார முடியும் என்பது அந்த ஏற்பாட்டின் அடிப்படை.

இந்திய, அமெரிக்கக் கடற்படைகள் பங்கேற்கும் மலபார் கூட்டுப் பயிற்சிக்காகக் கப்பல்கள் துறைமுகத்தில் நின்றிருந்த ஒரு சமயத்தில், அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்றைச் சுற்றிப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. ஏவுகணைகளையும் ரேடார்களையும் எல்லோரும் பார்த்தார்கள்; நானும் பார்த்தேன். என்னை நிறுத்தி வைத்தது, உணவுக்கூடத்துக்குப் போகும் வழியிலிருந்த ஒரு சின்ன அறை. இரண்டு பேர் முழங்கால் இடிபட உட்காரக்கூடிய அளவுதான் இருக்கும். சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. அதில் துறைவாரியாக மாலுமிகளின் பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒப்பந்தம் முடியும் மாதம், அடுத்த ஆலோசனைக் கூட்டத்தின் தேதி. சில பெயர்களுக்கு எதிரே சிவப்பு மையில் ஒரு கோடு இருந்தது. அந்தக் கோடு, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் அவர்களின் விண்ணப்பம் இன்னும் போகவில்லை என்பதற்கான அடையாளம் என்று அங்கிருந்த பெட்டி ஆபீசர் விளக்கினார். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே ஓர் இளம் மாலுமி கதவில் தட்டி, தலையை நீட்டிப் பார்த்துவிட்டுப் போனான். அவனுக்கு அந்த அறை எங்கே இருக்கிறது என்று தெரியும். எனக்கு அப்படி ஓர் அறை என் பணிக்காலம் முழுவதும் எந்தக் கப்பலிலும் தெரிந்ததில்லை.

அந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பயனுள்ளதாகப் படுவது, ஆலோசனை என்பது மாலுமி தேடிப்போய்க் கேட்டால் கிடைக்கும் உதவியாக இல்லாமல், அவனைத் தேடி வரும் கடமையாக இருப்பதே. ஒரு மாலுமி கப்பலுக்கு வந்து சேர்ந்த சில வாரங்களிலேயே பணி மேம்பாட்டுக் குழு ஒன்று அவனை அழைத்துப் பேசும். பிறகு ஆறாம் மாதத்தில், ஓராண்டில், அதன்பின் ஆண்டுதோறும். அந்தக் குழுவில் அவனுடைய மூத்த சீஃபும் ஆலோசகரும் இருப்பார்கள். அவன் எந்தத் தேர்வுக்குப் படிக்கிறான், எந்தத் தகுதி பாக்கி இருக்கிறது, அடுத்து எங்கே டிராஃப்ட் கேட்கலாம், வெளியேற விரும்பினால் இப்போதே என்ன தொடங்க வேண்டும் என்பவை அங்கே பேசப்பட்டுப் பதிவாகும். டிவிஷன், துறை, கப்பல் என்று ஒவ்வோர் அடுக்கிலும் ஆலோசகர் ஒருவர் உண்டு. கப்பலின் தலைமை ஆலோசகர் தேவைப்பட்டால் கேப்டனிடமே நேராகச் சென்று பேசலாம். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க விரும்புபவரின் விண்ணப்பம், ஒப்பந்தம் முடிவதற்கு ஓராண்டுக்கும் மேலாக முன்பே கணினி வழியாகப் போயிருக்க வேண்டும்; அது போகிறதா என்று பார்ப்பதும் ஆலோசகரின் வேலை.

வெளியேறுபவர் விஷயத்திலும் அதே ஒழுங்கு. பணியிலிருந்து விடுபடுவதற்குக் குறைந்தது 365 நாட்களுக்கு முன் தனிப்பட்ட முதல் ஆலோசனை நடந்திருக்க வேண்டும் என்று 2018இல் இயற்றப்பட்ட சட்டமே சொல்கிறது. கப்பலில் செய்த வேலை நேரத்தை முறையாகப் பதிவு செய்து வந்தால், அமெரிக்கத் தொழிலாளர் துறையின் தொழிற்பயிற்சிச் சான்றிதழாகவே அதை மாற்றிக்கொள்ளும் திட்டம் ஒன்றும், வெளியுலகில் செல்லுபடியாகும் தொழில் உரிமத் தேர்வுகளுக்கான கட்டணத்தைக் கடற்படையே ஏற்கும் திட்டம் ஒன்றும் உள்ளன. கடைசி மாதங்களில், அதிகபட்சம் 180 நாட்கள் வரை, படைச் சம்பளத்திலேயே ஒரு தனியார் நிறுவனத்தில் பணிப்பயிற்சி பெறவும் வழியுண்டு. நம்மிடம் திட்டங்களே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். முன்னாள் படைவீரர் மறுவாழ்வுக்கான தலைமை இயக்குநரகம் பயிற்சி வகுப்புகள் நடத்துகிறது. கடற்படைக்கென வேலைவாய்ப்பு முகமை இருக்கிறது. இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் படையினருக்கான படிப்புகளைத் தருகிறது. ஆனால் இவற்றையெல்லாம் ஒரு மாலுமியின் பதிவேட்டோடும் குடும்ப நிலைமையோடும் பொருத்திப் பார்த்து, "உனக்கு இது" என்று காட்டுவதற்கு நடுவில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் இல்லை.

அமெரிக்க முறையை அப்படியே வியந்து பாராட்டவும் எனக்கு மனமில்லை. ஆலோசகர் இரண்டு எசமானர்களுக்கு நடுவில் நிற்பவர். ஆட்கள் விலகாமல் தக்கவைப்பதில் சிறந்து விளங்கும் கப்பல்களுக்கு அங்கே ஒரு விருது உண்டு; அதைப் பெற்ற கப்பல் தன் நங்கூரத்துக்குத் தங்க நிறம் பூசிக்கொள்ளலாம். துறைமுகத்தில் அது பெருமையான காட்சிதான். ஆனால் எத்தனை பேர் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள் என்பதைக் கொண்டு ஒரு கப்பல் மதிப்பிடப்படும்போது, "உனக்கு வெளியே போவதே நல்லது" என்று ஒரு மாலுமியிடம் சொல்ல ஆலோசகருக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு சோதனை அவர்களுக்கு வந்தது. ஆட்கள் மிகுந்துவிட்டதாகக் கருதப்பட்ட பிரிவுகளிலிருந்து, 2011இல் ஒரு குழுவின் ஆய்வுக்குப் பிறகு, ஏறக்குறைய 3,000 நடுத்தர அனுபவமுள்ள மாலுமிகளை ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே வெளியேற்ற அமெரிக்கக் கடற்படை முடிவு செய்தது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் நல்ல பெயரோடு பணியாற்றியவர்கள் அவர்களில் பலர். இருபதாண்டு ஓய்வூதியத்தை எட்டாதவர்கள். நேற்று வரை "தொடர்ந்து இரு" என்று சொன்ன ஆலோசகர்களே, இன்று அவர்களுக்கு வெளியேறும் வழியைக் காட்ட வேண்டியிருந்தது. கடும் விமர்சனத்துக்குப் பின், பதினைந்து ஆண்டுகளை நெருங்கியவர்களுக்கு முன்கூட்டிய ஓய்வூதியம் அளிக்கப்பட்டது. மற்றவர்களுக்கு வேலை தேடித் தருவதற்காக ஒரு தனியார் நிறுவனமும் அமர்த்தப்பட்டது. மேலிடம் எடுக்கும் தவறான முடிவை எந்த ஆலோசகராலும் சரிசெய்ய முடியாது. ஆனால் அடி விழும் நேரத்தில், பெயரும் பதிவும் தெரிந்த ஒருவர் கப்பலிலேயே இருந்தார் என்பது அந்த மாலுமிகளுக்குச் சிறிய உதவி அல்ல. தன் மாலுமிகளில் நான்கில் மூன்று பேரை அல்ல, மிகச் சிறிய ஒரு பகுதியைத்தான் அந்த நாடு அப்படி அனுப்பியது என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

ஏனெனில் நம் அக்னிவீரர்களின் கணக்கு அதுதான். நான்காண்டு முடிவில் நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுபவர்கள் 25 சதவீதம் வரை. எஞ்சிய அனைவரும் இருபத்தொன்றுக்கும் இருபத்தேழுக்கும் இடைப்பட்ட வயதில் சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதியோடு வெளியேறுகிறார்கள். ஓய்வூதியம் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. எனவே மேலே நான் சொன்ன பழைய ஒதுக்கீட்டு விதிகள் இவர்களுக்குப் பொருந்தாது. மத்திய ஆயுதக் காவல் படைகளிலும் கடலோரக் காவல் படையிலும் அறிவிக்கப்பட்ட ஒதுக்கீடு இவர்களுக்கெனத் தனியானது. பத்தாம் வகுப்போடு சேர்ந்தவர்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் பெறத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக ஏற்பாடு இருக்கிறது. பட்டத்துக்குத் தேவையான மதிப்பெண்களில் பாதியைப் படையில் பெற்ற பயிற்சிக்கே அளிக்கும் மூன்றாண்டுப் பட்டப்படிப்பும் அறிவிக்கப்பட்டது. ஆனால் மூன்றாண்டுப் பட்டத்தை நான்காண்டுப் பணிக்குள் முடிக்க வேண்டுமானால் எப்போது தொடங்க வேண்டும் என்பதைப் பயிற்சிக்காலத்திலேயே ஒருவர் சொல்லாவிட்டால், அந்தத் திட்டம் காகிதத்தில்தான் இருக்கும்.

எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்தில், உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து தளம் இருப்பதால், கடற்படை என்பது பிள்ளைகளுக்குத் தூரத்துப் பெயர் அல்ல. ஊர்ப் பிள்ளை ஒருவன், இப்போது அக்னிவீரனாக மேற்குக் கரையில் ஒரு கப்பலில் இருப்பவன், விடுப்பில் வந்தபோது என்னைப் பார்க்க வந்தான். "மாமா, நிரந்தரமா எடுக்கிறதுக்கு எதையெல்லாம் பார்ப்பாங்க? அதை இப்பவே தெரிஞ்சுக்க முடியுமா?" என்று கேட்டான். உடல் தகுதி, தேர்வு மதிப்பெண், மேலதிகாரிகளின் மதிப்பீடு என்று பொதுவாகச் சொன்னேன். அவனுடைய பிரிவில் எத்தனை இடம், அவன் அதில் எங்கே நிற்கிறான் என்பதைக் கேட்டான். அதை நான் எப்படிச் சொல்வேன்? நான்காண்டும் "எப்படியும் எடுத்துக்கொள்வார்கள்" என்ற நம்பிக்கையிலேயே போய்விட்டால் வேறு எந்தத் தயாரிப்பும் நடக்காது. "எப்படியும் அனுப்பிவிடுவார்கள்" என்ற எண்ணம் வந்துவிட்டால் கப்பலில் வேலையில் மனம் ஒட்டாது. இந்த இரண்டுக்கும் நடுவில் அவனை நிறுத்தி வைக்க, அவன் நிலையை உள்ளபடி ஆண்டுதோறும் சொல்லும் ஒருவர் தேவை. கைப்பேசியில் வரும் வதந்திகள் அந்த வேலையைச் செய்யாது.

பெண் மாலுமிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சில்காவில் 2023 மார்ச் 28 அன்று, சூரியன் மறைந்த பின் நடந்த முதல் அணியின் பயிற்சி நிறைவு அணிவகுப்பில் வெளிவந்த சுமார் 2,600 பேரில் 270க்கும் மேற்பட்டவர்கள் பெண்கள். நம் கடற்படையின் வரலாற்றிலேயே மாலுமிகளாகச் சேர்ந்த முதல் பெண்கள் இவர்கள். எங்களுக்காவது கேட்பதற்குச் சீனியர்கள் இருந்தார்கள். தவறாகச் சொன்னாலும் சொல்ல ஒருவர் இருந்தார். இந்தப் பெண்களுக்கு முன்னால் நடந்து போனவர்கள் எவருமே இல்லை. கப்பலில் பெண் அதிகாரி இருக்கலாம். ஆனால் அவர் அதிகாரி. திருமணம், பெற்றோரின் வற்புறுத்தல், படிப்பு, வெளியே எந்த வேலையில் இந்த அனுபவத்தை மதிப்பார்கள் என்பன போன்ற கேள்விகளை இவர்கள் யாரிடம் கொண்டுபோவார்கள்? முதல் அணியிலிருந்து நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படும் பெண்களில் சிலரையாவது ஆலோசகர் பணிக்கென்று பயிற்றுவித்தால், அடுத்தடுத்த அணிகளில் வருபவர்களுக்கு இந்தக் குறை இருக்காது.

போர்ப்படை என்பது வேலைவாய்ப்பு அலுவலகம் அல்ல என்று சிலர் சொல்வார்கள். எனக்குத் தெரிந்த மூத்த அதிகாரிகள் சிலரே அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களிடம் நான் கேட்க விரும்புவது வேறு. ஐ.என்.எஸ். விக்ராந்த் போன்று 1,600 பேர் வரை பணியாற்றும் கப்பலிலோ, ஒரு நீர்மூழ்கியிலோ, நீருக்கடியில் இருப்பதை ஒலியால் கண்டறியும் சோனார் கருவியின் ஒலியைக் காதால் கேட்டே பிரித்தறியும் அனுபவம் ஒரு மாலுமிக்கு எத்தனை ஆண்டுகளில் வருகிறது? அவர் பதினைந்தாம் ஆண்டில், வெளியே கிடைக்கும் சம்பளத்தைப் பற்றி யாரோ சொன்ன மிகைப்பட்ட கதையை நம்பி வெளியேறினால், அந்த இடத்தை நிரப்ப மீண்டும் பதினைந்து ஆண்டுகள் வேண்டும். தொடர்ந்து இருந்தால் தமக்குக் கிடைக்கக்கூடிய பதவி, பிள்ளைகளின் பள்ளிக்காலத்துக்குப் பொருந்தும் டிராஃப்ட், உயரும் ஓய்வூதியம் ஆகியவற்றை யாராவது கணக்கிட்டுக் காட்டியிருந்தால் அவர் இருந்திருக்கக்கூடும். ஆலோசகர் மாலுமிக்கு மட்டும் பயன்படுபவர் அல்லர்; கேப்டனுக்கும் பயன்படுபவர். தம் கப்பலில் அடுத்த ஆண்டு யார் யார் போகப்போகிறார்கள், எந்த இடம் காலியாகும் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும். அமெரிக்கக் கடற்படை 2023 நிதியாண்டில் 37,700 புதியவர்களைச் சேர்க்க இலக்கு வைத்து, 30,000 பேரைச் சற்றே தாண்டியது. புதியவர்கள் வராத காலத்தில், இருப்பவர்களைக் கையில் வைத்துக்கொள்ளத் தெரிந்த படைதான் கப்பலைக் கடலுக்கு அனுப்ப முடியும்.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் ஏற்பாடு அல்ல. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மாலுமிகளைக் கொண்ட நம் கடற்படையில், பணி நீட்டிப்பில் இருக்கும் அனுபவமிக்க சீஃப்களிலிருந்து விருப்பமுள்ளவர்களைத் தேர்ந்து, சில மாதப் பயிற்சி கொடுத்தால் போதும். பெரிய கப்பல்களுக்கும் தளங்களுக்கும் முழுநேர ஆலோசகர் ஒருவர். சிறிய கப்பல்களுக்கு ஒரு படைப்பிரிவுக்கு ஒருவர் என்று தொடங்கலாம். அவர் மாலுமியின் ஆண்டு மதிப்பீட்டில் கையெழுத்திடுபவராக இருக்கக்கூடாது. அவரிடம் மாலுமி பேசியது மதிப்பீட்டுக்குப் போகவும் கூடாது. தக்கவைத்தவர்களின் எண்ணிக்கையைக் கொண்டு அவரை அளவிடாமல், உரிய தேதியில் எத்தனை மாலுமிகளோடு அமர்ந்து பேசினார், வெளியேறியவர்கள் ஓராண்டுக்குப் பின் என்ன செய்கிறார்கள் என்பதைக் கொண்டு அளவிட வேண்டும். பணிக்காலத்தில் பெற்ற பயிற்சி, கடலில் இருந்த நாட்கள், பெற்ற சான்றிதழ்கள் அனைத்தும் மாலுமி கேட்காமலேயே ஒரே பதிவாக ஆண்டுதோறும் அவர் கைக்கு வர வேண்டும். சில்காவில் முதல் மாதத்திலேயே முதல் உரையாடல் நடக்க வேண்டும். அக்னிவீரரைப் பொறுத்தவரை நான்காம் ஆண்டில் தொடங்கும் ஆலோசனைக்குப் பொருளில்லை. பெற்றோருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை, அவர்கள் படிக்கக்கூடிய மொழியில், பிள்ளைக்கு முன்னுள்ள வாய்ப்புகளைச் சொல்லும் ஒரு கடிதம் போனால், ஊரில் தரகர்கள் சொல்வதை நம்பிப் பணத்தை இழக்கும் குடும்பங்கள் குறையும். படையில் சேர்வதற்கு வழிகாட்ட எங்கள் ஊர்ப்பக்கம் பயிற்சி மையங்களுக்குப் பஞ்சமில்லை. படையிலிருந்து வருபவனுக்கு வழிகாட்டத்தான் இடமில்லை.

மாநில அரசின் பங்கும் இதில் உண்டு. மாவட்டந்தோறும் இயங்கும் முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களின் கதவு, முன்னாள் படைவீரர் என்ற தகுதி இல்லாத அக்னிவீரர்களுக்கும் திறந்திருக்க வேண்டும். கப்பலிலுள்ள ஆலோசகர், வெளியேறும் இளைஞனின் விவரங்களை அவனுடைய சம்மதத்தோடு ஆறு மாதங்களுக்கு முன்பே அந்த அலுவலகத்துக்கு அனுப்பினால், சென்னை, எண்ணூர், தூத்துக்குடித் துறைமுகங்களிலும், கப்பல் கட்டும் தளங்களிலும், மின் நிலையங்களிலும் உள்ள பணிகளோடு அவனை இணைக்க முடியும். டீசல் எஞ்சினையும் மின் இணைப்புப் பலகையையும் தீயணைப்புக் கருவிகளையும் கையாளப் பயிற்சி பெற்று வரும் ஒருவனை, அவனுடைய தகுதி எவருக்கும் தெரியாத காரணத்தால் வாயிற்காவலுக்கு மட்டும் அனுப்புவது மாநிலத்துக்கும் இழப்பே.

பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவில் இடம்பெற்றுள்ள உறுப்பினர்களும், நம் மாநிலத்திலிருந்து சென்றுள்ள மற்ற உறுப்பினர்களும், அக்னிவீரர் ஒதுக்கீட்டைப் பற்றிக் கேட்கும்போது, கப்பல்களில் முழுநேரப் பணிவாழ்வு ஆலோசகர்களை நியமிக்கும் திட்டம் கடற்படைத் தலைமையகத்தில் பரிசீலனையில் உள்ளதா, இல்லையெனில் முதற்கட்டமாக மும்பை, கொச்சி, விசாகப்பட்டினம் ஆகிய மூன்று தளங்களிலாவது அதை எப்போது தொடங்குவார்கள் என்று எழுத்துப்பூர்வமான கேள்வியாகவும் கேட்க வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். முதல் அணிக்கு இது தாமதமாகிவிட்டாலும், அவர்களுக்குப் பின் சேர்ந்தவர்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற சீஃப் பெட்டி ஆபீசர், இந்தியக் கடற்படை,
ராமநாதபுரம் மாவட்டம்.